உன் அத்தான் சுவருக்குள் இருக்கிறார்

அன்புள்ள தம்பிக்கு,

ஐந்தாம் வகுப்பு வரை படித்த உன் அக்கா, யாரிடமும் எழுதித் தரக் கேட்காமல் தானே எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் பேத்தியும் சுகம். உன் அத்தானும் சுகமாகத்தான் இருப்பார். ஆனால் மூன்று நாளாகச் சமையலறைச் சுவருக்குள் இருக்கிறார். நீ கொத்தனார் என்பதால் உனக்கு மட்டும் சொல்கிறேன்.

அந்தச் சுவரின் வெளிப்புறம், பின்சந்தில், விரிசலில் ஒரு செடி முளைத்து, பிடுங்குங்கள் பிடுங்குங்கள் என்று நான் சொல்லச் சொல்ல, இவர் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி, அது ஒற்றைப் பழம் பழுத்து நின்றது. சாம்பல் நிறம், ஈரச் சுண்ணாம்பு வாசனை. கண்டதையும் வாயில் போடுகிற மனுஷர் பாதியைத் தின்றுவிட்டு மீதியைப் பேத்திக்குக் கொடுத்தார். அடுத்த நிமிஷம் சுவரில் சாய்ந்தவளின் முழங்கை, கரண்டி தயிருக்குள் போவதுபோல உள்ளே போய்விட்டது. வேறு பிள்ளையாக இருந்தால் அலறியிருக்கும். என் பேத்தி வீடு முழுக்கத் தொட்டுப் பார்த்து, செங்கல், சிமெண்டுக்குள் போகலாம், மரம், இரும்புக்குள் முடியாது, உடம்பு போகும், துணி போகாது, ஒரு வாய் தண்ணீர் குடித்தால் பழத்தின் சக்தியெல்லாம் போச்சு என்று அரை மணியில் கண்டுபிடித்துவிட்டாள். மூளை என் பக்கத்து மூளை.

இவர் சும்மா இருப்பாரா? "இந்தா பாருடி, இப்படியே போயி பின்சந்துல நிக்கிறேன்" என்று புகுந்துவிட்டார். துணியெல்லாம் இந்தப் பக்கம் பொத்தென்று விழுந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மடித்து வைத்தேன். உள்ளேயிருந்து இருமல். ஒரு கை மட்டும் வெளியே வந்து உள்ளங்கையைக் குவித்தது. நாற்பத்தாறு வருஷமாக அவர் இருமினால் என் கை தானாகச் சொம்பை எடுக்கும், தம்பி. ஊற்றிவிட்டேன். "ஐயோ பாட்டி, என்ன பண்ணிட்டே!" என்று பேத்தி கத்துவதற்குள் கை உள்ளே போய், உறிஞ்சும் சத்தம் கேட்டு, மறுபடி வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டது.

அடுப்புக்குப் பக்கத்தில், முழங்கை வரை. பேச்சு இல்லை, காதை வைத்தால் மூச்சு மட்டும் கேட்கிறது. கரண்டி கேட்டால் எடுத்துத் தருகிறது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தராத கை. பேத்தி நகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசினாள், இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் சில்லென்று இருக்கிறது. ஆனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் இவ்வளவு நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்ததே இல்லை.

இன்னொரு பழம் இருந்தால் நானே போய் இழுத்து வந்திருப்பேன். இல்லை. ஆகவே இதைப் படித்த கையோடு புறப்பட்டு வா. சம்மட்டி வேண்டாம். தட்டிப் பார், எங்கே செங்கல் எங்கே உன் அத்தான் என்று சத்தத்திலேயே உனக்குத் தெரியும். சின்ன உளியால் கொத்து. அவருக்கு மூக்கு நீளம், ஜாக்கிரதை.

உன் தொழிலும் குடும்பமும் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உன் அத்தான் இப்போது வாசல் வழியாக வந்து நிற்கிறார். அன்றைக்கே பின்சந்தில் வெளியே வந்துவிட்டாராம். உடம்பில் துணி இல்லாமல் சலவைக்கடைக்குள் புகுந்து, யாருடைய பேண்டையோ போட்டுக்கொண்டு அங்கேயே ஒளிந்திருக்கிறார். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுடி வர்றது?" என்கிறார். இரண்டு கையும் அவரிடமே இருக்கிறது. ஆகவே சுவரை இடிக்க நீ வர வேண்டாம். ஒரு செங்கல்கூடப் பெயரக் கூடாது. இந்த வரிகளை இடது கையால் எழுதுகிறேன். அவர் குரல் கேட்டதிலிருந்து என் வலது கையைச் சுவரில் இருக்கும் கை விடவில்லை.