உயில் அறைக்குள் வர மாட்டேன் என்ற உன் அம்மா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். வியாழக்கிழமை நெஞ்சைத் திறந்து ரிப்பேர் பார்த்துக்கொள்ளப் போகிறவன் நலம் என்று எழுதலாமா என்று கேட்பாய். கடிதத்தை அப்படித்தான் தொடங்க வேண்டும், பேசாமல் மேலே படி.

ஆபரேஷனுக்கு முன்னால் உயிலை எழுதிவிடுங்கள் என்று நீ சொன்னபடி, நேற்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு வக்கீல் ஆபீசுக்குப் போனேன். நான் இல்லாமல் போனால் வீடு அவள் பெயருக்கு வர வேண்டும், அவள் யார் வாசலிலும் போய் நிற்கக் கூடாது, என் கவலை அவ்வளவுதான். அங்கே எல்லா வழக்கும் பார்க்கிறார்கள். நீள வராந்தா, வரிசையாகக் கதவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பலகை: விபத்து, வீடு நிலம், கிரிமினல், விவாகரத்து, கடைசியில் உயில். உன் அம்மா அந்தக் கடைசிப் பலகையைப் பார்த்தாள். "எனக்கு வேற வேலை இருக்கு" என்று முதல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். விபத்து வக்கீலிடம் நான் எட்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த கதையைச் சொல்லியிருக்கிறாள். எந்த வண்டி மோதியது என்று அவர் கேட்க, "எதுவும் மோதலை, நின்ன வண்டியிலேர்ந்துதான் விழுந்தார்" என்றாளாம். அடுத்த கதவில் பக்கத்து வீட்டு மரக்கிளை பற்றிப் புகார். வெட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்பலாம் என்று வக்கீல் பேப்பரை எடுத்ததும், "வேணாம், அந்த நிழல்லதான் இவர் பேப்பர் படிப்பார்" என்று எழுந்து வந்துவிட்டாள். கிரிமினல் வக்கீலிடம், டாக்டர் வேண்டாம் என்ற பிறகும் சர்க்கரை டப்பாவைத் திறக்கிற ஆளை எந்தப் பிரிவில் உள்ளே போடலாம் என்று விசாரணை.

விவாகரத்து அறையில்தான் ரொம்ப நேரம். வக்கீல் உன்னைவிடச் சின்னப் பொண்ணு. கதவு பாதி திறந்திருந்தது, எனக்கு எல்லாம் கேட்டுது. "கல்யாணமாகி எத்தனை வருஷம்மா?" "நாப்பத்தொண்ணு." "அடிப்பாரா?" "எறும்பை மிதிச்சாக்கூட ரெண்டு நாள் வருத்தப்படுவார்." "அப்புறம் என்னம்மா குறை?" அதுக்கு அம்மா சொன்னா, "என்னை ஒரு வார்த்தை கேக்காம சாகறதுக்கு ஏற்பாடு பண்றார்." அந்தப் பொண்ணு பேனாவை மூடி வெச்சுட்டா. நான் அங்கேயே பெஞ்சுல உக்காந்துட்டேன்.

அம்மா வெளியே வந்து வீட்டுக்குப் போலாம்னா. சரின்னேன். எனக்குப் பயமா இருக்குன்னு நானும் சொல்லலை, அவளும் சொல்லலை. பஸ்ஸுல ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தோம், கல்யாணமான புதுசுலகூட அப்படி வந்ததில்லை. ஆகவே மகளே, உயில் எழுதவில்லை, இனி அந்தப் பேச்சும் இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். பேத்திக்கு என் பங்கு முத்தத்தையும் நீயே கொடுத்துவிடு.

உன் அப்பா

பின்குறிப்பு: இது அம்மா. கடிதத்தைப் போட்டுட்டு வான்னு என்கிட்ட குடுத்தார், பிரிச்சுப் படிச்சேன். இன்னிக்குக் காலைல காய் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு நான் மட்டும் அந்தக் கடைசி அறைக்குப் போயிட்டு வந்தேன். நாளைக்கு அவரையும் கூட்டிட்டு வரேன்னு சொல்லியாச்சு, ஆசைப்பட்டபடி எழுதட்டும். ஆனா முதல்ல என் உயிலை எழுதிட்டேன். என்கிட்ட இருக்கறது எல்லாம் அவருக்கு. எனக்கு முன்னாடி அவர் போயிட்டா இது செல்லாதும்மான்னு வக்கீல் சொன்னார். செல்லும், நீங்க டைப் அடிங்கன்னு சொன்னேன்.