பதியுதீனின் ஐந்தாம் நாள் காய்ச்சல்

வியாழக்கிழமை வரைக்கும் காய்ச்சலை விடுவதில்லை என்று பதியுதீன் முடிவெடுத்தது செவ்வாய்க்கிழமை காலையில். அப்போது காய்ச்சல் அவரை விட்டு ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது.

வந்தது உண்மையான காய்ச்சல்தான். ஞாயிறும் திங்களும் எலும்பெல்லாம் உரலில் போட்டு இடித்த மாதிரி நோவு. ஏறாவூரில் வீட்டுக்கு வீடு இருமல். நாலு நாளாக விடாத மழை; வாவி ஏறி வளவின் பின்வேலி வரைக்கும் தண்ணீர். செவ்வாய் விடிய வேர்த்துக்கொட்டி உடம்பு லேசானது. எழும்பி ஒரு பிளேன்டீ குடிக்கலாம் என்று நினைத்தபோதுதான் வியாழக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது.

அன்றைக்கு அவர் மனைவி றபீக்காவுக்கு மட்டக்களப்பு டவுனில் நேர்முகப் பரீட்சை. பெண்களுக்குத் தையல் படிப்பிக்கும் வேலை. கிடைத்தால் காலை ஏழுக்குப் போய்ப் பின்னேரம் ஐந்துக்குத்தான் வருவாள். பதியுதீன் வேண்டாமென்று சொல்லவில்லை. இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அப்படிச் சொல்லி அவர் எதையும் தடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

அவருடைய பயம் வேறு. பென்சனில் வந்து எட்டு மாதம். ஒரே மகள் கல்யாணம் முடித்துக் கட்டாரில். றபீக்காவும் போய்விட்டால் பகல் முழுக்க அந்த வீட்டில் அவரும் சுவர் மணிக்கூடும்தான். இதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வெட்கம். காய்ச்சலுக்கு அந்த வெட்கம் இல்லை.

ஆகவே முனகினார். கேட்டவள் பதறவில்லை. மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு வந்து சட்டம் போட்டாள். இது தொத்துகிற காய்ச்சலாம். அறைக்கதவு சாத்தியே இருக்குமாம். கஞ்சியும் கொத்தமல்லித் தண்ணியும் வாசலில் வருமாம். கத்தினால் தொண்டை போய்விடுமாம். தேவையென்றால் கதவில் தட்டட்டுமாம்.

புதன் பின்னேரம் அவர் கதவுக்கு உள்ளே இருந்து ஈனக் குரலில் கேட்டார். “நாளைக்கு நீ போனா என்ன ஆரு பார்க்கிற?”

“உங்களப் பார்க்க ஆளில்லாம நான் போவனா? கண்ண மூடிப் படுங்க.”

வென்றுவிட்டார். வியாழன் காலை கஞ்சி நேரத்துக்கு வந்தது. தட்டினார், வெளியேயிருந்தும் ஒரு தட்டு. இருக்கிறாள்.

ஆனால் வெற்றி கஞ்சியைவிடச் சப்பென்று இருந்தது. தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அந்த விண்ணப்பத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தது, நீலச் சேலையைத் தேய்த்து மடித்து வைத்தது எல்லாம் கண்ணுக்குள் வந்தது. ஒரு சுகதேகி நாள் முழுக்கப் போர்வைக்குள் கிடந்தால் மனச்சாட்சிக்கு நல்ல வசதி. பதினொரு மணிக்கு அவரால் தாங்க முடியவில்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு பேசினார்.

“றபீக்கா, எனக்குக் காய்ச்சல் செவ்வாய்க்கிழமையே விட்டிட்டு. நீ போயிருவாய் எண்டுதான் படுத்துக் கிடந்த நான். பகல்ல இந்த வீட்டுல தனிய இரிக்க எனக்குப் பயம். நான் உனக்குச் செஞ்சது பிழை. என்ன மன்னிச்சிரு, புள்ள.”

வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஆண் தொண்டை.

“காக்கா, நான் அசனார்.”

கதவைத் திறந்தார். அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அசனார் நாற்காலியில் மாஸ்க்கோடு, காலடியில் கஞ்சிப் பிளாஸ்க்கோடு இருந்தார். மனைவி மௌத்தாகி மூன்று வருடமான மனிதர். பார்க்க வேண்டிய இடம் தெரியாமல் நிலத்தைப் பார்த்தார்.

நேர்முகம் போன வாரமே முடிந்துவிட்டதாம். காத்தான்குடியில் சுகமில்லாத மாமியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிப் போனாளே, அன்றைக்கு. இன்றைக்கு வேலையில் முதல் நாளாம்.

“மதினிதான் உங்களப் பார்த்துக்க வரச் சொன்னா. நானும் ஓமெண்டன்,” என்றார் அசனார். “வீட்டுல இரிந்தா நானும் மழையத்தான் பார்த்துக்கிட்டு இரிக்கணும்.”

பதியுதீனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மெதுவாகக் கேட்டார், “நான் சும்மா கிடந்தது அவளுக்குத் தெரியுமா?”

அசனார் எழும்பிக் குசினிக்குப் போய் ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் உரிக்காத வாவி இறால், இரண்டு கிலோவாவது இருக்கும்.

“காய்ச்சல் மாறிட்டெண்டு அவர்ர வாயாலயே சொன்னாத்தான், இத உரிக்கக் குடுக்கச் சொன்ன மதினி.”