பேட்டரியைக் கழற்றினால்தான் அடுத்த ஆட்டம்

‘அப்பவே சொன்னேனே’ இனத்தை உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. கல்யாணம் முறிந்தாலும் கப்பல் கவிழ்ந்தாலும் அப்பவே சொல்லியிருப்பார்கள். எப்போது, யாரிடம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். முகம் வாடிவிடும்.

நம்ம ஆள் ஒரு கம்பெனியில் தயாரிப்பு மேலாளர். ஆபீஸில் அவருக்கு ‘அப்பவே சார்’ என்று பெயர். அது அவர் காதுக்கு மட்டும் எட்டவில்லை.

கம்பெனி ஒரு கையடக்க கேம் மிஷின் செய்தது. பாடும், பேசும், படம் காட்டும். ஒரே ஒரு சங்கடம், ஆட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் பின்மூடியைத் திறந்து, பேட்டரியைக் கழற்றி, அதற்கடியில் பதுங்கியிருக்கும் கேம் கார்டை நகத்தால் நெம்பி எடுத்து, வேறொன்றைச் செருகி, பேட்டரியைத் திணித்து, மூடியை அமுக்கி, அது மறுபடி கண் விழிக்கும்வரை தேமே என்று உட்கார்ந்திருக்க வேண்டும்.

“பசங்க அதுக்குள்ள தூங்கிடுவாங்க சார்” என்றாள் வடிவமைப்புப் பெண். அப்பவே சார் முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்தார். அங்கே புன்னகை இருந்தது. உடனே தயாரிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

விற்பனைக்கு வந்த அன்று கடை வாசலில் கூட்டம். “எல்லாம் நம்ம ஐடியாதான் மச்சான்” என்றார் மனைவியின் தம்பியிடம். ஆறே மாதத்தில் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்து கிடங்கில் நடக்க இடமில்லை.

“தேறாதுன்னு அப்பவே சொன்னேன். யார் கேட்டா?”

“உங்க ஐடியான்னீங்களே மாமா?”

“அது வேற விஷயம்.”

விசாரணைக் கூட்டத்தன்று காலையில் மனைவி அவர் சட்டைக் காலரைச் சரி செய்தபடி சொன்னாள்: “இன்னிக்கு ஒரு நாள் வாயைத் திறக்காம வாங்க. வேலை நிலைக்கணும்.”

திறக்கவில்லை. ஒரு மணி நேரம் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தார். கடைசியில் முதலாளியம்மா பெருமூச்சு விட்டு, “சரி, தெரியாம எல்லாருமே ஏமாந்துட்டோம். யாரையும் அனுப்பப் போறதில்ல” என்றார்.

பிழைத்தார். எழுந்து போயிருக்கலாம். ஆனால் அந்த ‘தெரியாம’ என்ற சொல்லை அவரால் எப்படித் தாங்க முடியும்?

“எனக்கு அப்பவே தெரியும் மேடம்.”

பக்கத்திலிருந்த வடிவமைப்புப் பெண் நாற்காலியை மெல்ல நகர்த்திக்கொண்டாள்.

“எப்ப?”

“முதல் மிஷினைக் கையில வாங்கினப்பவே.”

“தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டீங்களா?”

பாவம், அதற்குப் பதில் மட்டும் அவருக்கு அப்பவும் தெரியவில்லை, இப்பவும் தெரியவில்லை. பதினாலு வருஷ வேலை அன்றைக்கே போயிற்று. வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்று லிஃப்டில் நின்றபடி நிஜமாகவே அழுதார்.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். இந்த மனுஷன் வாயைத் திறந்து கெடப்போகிறார் என்று, மனைவி காலரைத் தொட்டபோதே நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், இல்லையா? அதைச் சொல்லப் பக்கத்தில் ஆள் தேடுகிறீர்கள் பாருங்கள்.