செல்லன் அண்ணன் தோளில் ஒரு கை

காஜா மாமா அவர்களுக்கு,

செல்லன் அண்ணனை அவர் கட்சியில் இருந்த பத்து வருஷமும் உங்கள் முதுகுக்குப் பின்னாலேயே நிற்க வைத்தீர்கள். இதை முதலில் எழுதினால்தான் மற்றதெல்லாம் எழுத வரும். அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு அம்மாவும் தங்கை அத்தியாவும் நலம். சென்னையில் உங்கள் முழங்கால் வைத்தியம் நல்லபடி முடிய அம்மா துஆ செய்கிறாள். நீங்கள் போனை எடுக்காததால் கடிதம். இதைப் பாதியில் கட் செய்ய முடியாது.

ஒன்றியச் செயலாளரான நீங்கள் சொன்னபடியே, மலையில் நம் கட்சிக்கு இருந்த ஒரே கவுன்சிலரான செல்லன் அண்ணனுக்கு அவர் ஊரிலேயே அஞ்சலிக் கூட்டம் நடத்தினேன். ஃப்ளெக்ஸ் அடிக்க அவர் போட்டோ தேடி கட்சி ஆபீஸ் ஆல்பங்களையெல்லாம் புரட்டினேன். நீங்கள் கொடியேற்றும் படத்தில் அண்ணனின் காது இருக்கிறது. நீங்கள் வேட்டி சேலை கொடுக்கும் படத்தில் மூட்டையைத் தாங்கும் அவர் கைகள் இருக்கின்றன. தியாகதுருகம் கூட்டத்தில் உங்கள் மாலைக்கு மேலே கொஞ்சம் நெற்றி தெரிகிறது. முழு முகம் கிடைத்தது ஒரே ஒரு படத்தில்தான். சின்னசேலம் கூட்டம் முடிந்ததும் அவர், "தலைவரே, எங்க ஊருக்கு அந்த பஸ்ஸு..." என்று இழுக்க, நீங்கள் தோளில் கைபோட்டு, "அட இன்னா செல்லா, நான் இருக்கேன்ல, பாத்துக்கலாம்" என்றீர்களே, அப்போது எடுத்தது. நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஃப்ளெக்ஸ் கடை பச்சமுத்து அந்தப் படத்திலிருந்து உங்களை வெட்டிவிட்டார். கையை மட்டும் வெட்ட முடியவில்லை. "கைய எடுத்தா தோளும் கூட வருது பாய். தோளில்லாம இன்னா அஞ்சலி?" என்றார். வெறும் கை யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன். எட்டடிக்குப் பத்தடியாகப் பெரிதாக்கினால் உங்கள் மோதிரங்கள் தேங்காய் பருமனுக்கு வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். அதற்கு மேல் ரோடு உண்டு, பஸ் கிடையாது. சந்தை நாளில் ஒரு வேன் போகும், அன்று சந்தை இல்லை. சுருட்டிய ஃப்ளெக்ஸை முன்னால் நானும் பின்னால் மைக்செட்காரரும் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஏற ஏற அவர் முதலில் என்னை, பிறகு கட்சியை, பிறகு உங்களை என்று பதவி வரிசைப்படி திட்டிக்கொண்டு வந்தார். எதிரே வந்த ஒரு பெரியவர் ஒதுங்கி நின்று, "பொணத்த கீழதானே எறக்குவாங்க, நீங்க இன்னா மேல தூக்கினு போறீங்க?" என்று கேட்டார். காய்ச்சலில் கிடந்த அண்ணனையும் இதே வழியில்தான் கட்டிலோடு இறக்கியிருக்கிறார்கள். கூப்பிட டவர் இல்லை, வர வண்டி இல்லை. பஸ் நிற்கும் இடம் கண்ணுக்குத் தெரிகிற வளைவில் உயிர் போய்விட்டதாம்.

இரண்டு மரத்துக்கு நடுவே ஃப்ளெக்ஸைக் கட்டியதும் எல்லோரும் அண்ணனை விட்டுவிட்டுக் கையைத்தான் பார்த்தார்கள்.

"அது யாரு கையி?" என்றார் சின்னப்பையன் என்கிற கிழவர்.

"எமன் கையா இருக்கும்" என்றாள் சாமியம்மாள்.

"எமன் இம்மா மோதரமா போட்டுக்கினு இருக்கான்?"

கூட்டமே சிரித்தது. அண்ணன் மனைவி வெள்ளச்சி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்ச கைதான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் போயிட்டு வந்து சொல்லுவாரு, தலைவரு தோள்மேல கை போட்டுட்டாரு, இனிமே பஸ் வந்துடும்னு. கை வந்துடுச்சி. பஸ் எங்க தம்பி?"

'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று எழுதிக்கொண்டு போயிருந்த பேச்சை நான் சட்டைப்பையை விட்டு எடுக்கவேயில்லை. அந்த மனுஷன் கடைசிவரை உங்களை நம்பினார் மாமா. நாம் அவருக்கு ஒரு நாற்காலிகூடப் போட்டதில்லை.

மைக்செட்காரர் எடுத்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றுவதாகவும், ஃப்ளெக்ஸை உடனே அவிழ்த்து உங்கள் வீட்டில் சேர்க்கும்படியும் டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அம்மாவும் அழுகிறாள், தன் தம்பி மானம் போகிறதாம். சரி, நாளைக்கே ஏறிப்போய் அவிழ்த்து வந்துவிடுகிறேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

மாமிக்கு என் ஸலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல முழங்காலையும், அந்த முழங்காலோடு மலையேறும் எண்ணத்தையும் தரட்டும்.

உங்கள் அக்கா மகன்,
உமர் பாரூக்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் மேலே போய் வந்துவிட்டேன். ஃப்ளெக்ஸ் வராது. மலையில் நல்ல மழை. பஸ் இங்கேதான் நிற்க வேண்டும் என்று அவர்களே ஓர் இடம் பார்த்து, நாலு கம்பு நட்டு, ஃப்ளெக்ஸையே கூரையாகக் கட்டிவிட்டார்கள். கீழே சாமை மூட்டைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணாந்தால் அண்ணன் முகமும் உங்கள் கையும். அவிழ்க்கப் போன என்னையும் வெள்ளச்சி அக்கா நனையாதே என்று உள்ளே இழுத்து உட்கார வைத்துவிட்டார். "அந்தக் கை வேணும்னா அவரையே பஸ்ல வந்து எடுத்துக்கினு போவச் சொல்லு" என்கிறார்.

எப்போது வருகிறீர்கள், மாமா?