என் கடனை ஊரே சேர்ந்து மறைத்த கதை

வெட்கப்பட்டு நாம் சொல்லாமல் விட்டதை ஊர் அப்படியே விட்டுவைக்காது. தன் இஷ்டத்துக்கு இட்டு நிரப்பிக்கொள்ளும். நர்ஸிங் படிப்பில் இதற்கு ஒரு பாடம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். (இருந்திருந்தால் அதிலும் அரியர் வைத்திருப்பேன் என்பது வேறு விஷயம்.)

எனக்குச் சொந்த ஊர் அல்லிநகரம். அப்பா ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறவர். என் படிப்பு முழுக்க வங்கிக் கடன். நான் படித்து முடித்த பிறகும் கடன் வளர்ந்து முடியவில்லை. அப்போதுதான் மதுரையிலுள்ள ஓர் அறக்கட்டளையின் திட்டம் தெரியவந்தது. டாக்டரும் நர்ஸும் வரத் தயங்கும் ஊரில் அவர்கள் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் வேலை பார்க்க வேண்டும்; அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும். சம்பளம் போக, வருஷா வருஷம் நம் கடனில் ஒரு பங்கை அவர்களே வங்கியில் கட்டிவிடுவார்கள். மயிலாடும்பாறையைத் தாண்டி மலையடிவாரத்தில் எனக்கு ஓர் ஊர் கிடைத்தது.

முதல் வருஷம் முடியும்போது ஆள் அனுப்பி நேரில் விசாரிப்பார்கள். கடன் இன்னும் இருக்கிறதா, குடும்பத்துக்குக் கட்ட வசதியில்லையா, மீதி வருஷங்களும் இவள் இங்கேயே இருப்பாளா என்று கேட்பார்கள். பதில் இடித்தால் பணம் வராது. வராவிட்டால் இருக்கிற ஒரே வீட்டை விற்றுவிடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார்.

எனக்குக் கடன் இருப்பது பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அக்கா ஒருத்திக்கு மட்டும் தெரியும். (அதாவது, ஊருக்கே தெரியும்.) ஆனால் அதைக் கட்ட ஒரு திட்டம் இருப்பதை அக்காவிடம்கூட நான் சொல்லவில்லை. காசுக்காகத்தான் இந்த ஊருக்கு வந்தாள் என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது? அந்த மானப் பிரச்சினையில் வாயைத் தைத்துக்கொண்டேன்.

வாயைத் தைத்தவள் கையையும் காலையும் சும்மா வைத்திருக்கலாம். வீட்டுக்கு வெள்ளையடித்தேன். பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று அம்மா தன் பட்டுச்சேலையைக் கொடுத்தனுப்பினாள். அக்காவிடம் போய் இரண்டு நாற்காலி இரவல் கேட்டேன்.

"யாரு ஆத்தா வாராக?" என்றாள் அக்கா.

"மதுரையில இருந்து வேண்டியவங்க" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டேன். கடன் வெட்கமும் கல்யாண வெட்கமும் முகத்தில் ஒரே மாதிரிதான் தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை கார் வந்தது. அப்பா அம்மா வயதில் ஒரு சாரும் ஒரு மேடமும் இறங்கினார்கள். நேராக என்னிடம் வராமல் டீக்கடைக்குப் போனார்கள், பிறகு அக்கா வீட்டுக்கு. எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் தெருவில்தான் விசாரிப்பார்கள். பெண்ணை விட்டுக்கொடுக்காமல் பேசுவது தெருவின் கடமை. அந்தக் கடமையை என் தெரு எப்படி ஆற்றியது என்பதைப் பின்னால்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"சிஸ்டர் எப்படிம்மா?" என்று மேடம் கேட்டிருக்கிறார்.

"தங்கமான புள்ள. ஊசி போட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது."

"கடன் இருக்காமே?"

அக்கா சுதாரித்துக்கொண்டாள். "யாரு சொன்னா? படிக்கக் கொஞ்சம் வாங்குனாக. அதத்தான் எப்பவோ அடச்சிட்டாகளே. அப்பா அல்லிநகரத்துல பெரிய கடை வச்சிருக்காக." (அந்தக் கடையில் எங்கள் குடும்பத்துக்குச் சேர வேண்டியது அப்பா உட்காரும் ஸ்டூல்கூட இல்லை.)

"இங்கயே இருப்பாங்களா?"

இதற்கு, அவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டு கூடவே வந்திருந்த டீக்கடைச் சின்னச்சாமி அண்ணன் முந்திக்கொண்டார். "அதுக்கென்ன தலையெழுத்து? நீங்க ஒரு தேதிய மட்டும் சொல்லுங்கய்யா, அன்னைக்கே வேலைய விட்டுட்டு வந்துரும்."

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். பட்டுச்சேலையில் வியர்த்துக்கொண்டு நின்ற என்னை மேடம் மேலும் கீழும் பார்த்தார்.

"கடன் அடைஞ்சிருச்சாம். அப்பாவுக்குச் சொந்தக் கடையாம். நீங்களும் கிளம்பப் போறீங்களாம். அப்புறம் நாங்க எதுக்கும்மா?"

அப்பா வீட்டு வாசலில் நின்று யாரிடமோ விலை பேசுவது கண்முன் வந்தது. "இல்ல மேடம்... வட்டி..." என்று ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்துப் பேச்சியம்மா அக்கா ஒரு கையில் கேசரித் தட்டும் மறு கையில் மல்லிகைச் சரமுமாக உள்ளே வந்தாள். பூவை என் தலையில் வைத்துவிட்டு, வாசல் காரை எட்டிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை வரலியா?"

சாரும் திரும்பி வாசலைப் பார்த்தார். "எந்த மாப்பிள்ளைம்மா?" என்றார் மேடம்.

அதற்குமேல் மானம் பார்க்க என்ன இருக்கிறது? அழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா இரவல் கொடுத்த நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். பிறகு மறைத்ததற்கெல்லாம் வட்டி சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

"இருக்கும்மா, கடன் தலைக்கு மேல இருக்கு. பேங்குல இருந்து போன் வந்தா எங்க மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால போயி நின்னுதான் பேசும். திரும்பி வரும்போது மூஞ்சியப் பாக்க முடியாது. அங்கன கெடக்குற எங்க எருமையக் கேட்டாக்கூடச் சொல்லும்."

மேடம் சிரிக்கவில்லை. "அப்ப இந்தப் பொண்ணு கல்யாணமாகிப் போயிரும்னு நினைச்சுத்தான் அவ்வளவு நல்லதா சொன்னீங்களா? போயிட்டா உங்களுக்கு யாரும்மா?"

"போனா எங்களுக்குத்தான் நட்டம். காச்சல்னா மறுபடி பஸ்ஸப் பிடிச்சு ஆண்டிபட்டிக்குத்தான் ஓடணும். அதுக்காக ஒரு புள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட முடியுமா?"

அம்மாவின் பட்டுச்சேலையில் மூக்கைச் சிந்தினேன். இந்த மனுஷியிடமா வெட்கப்பட்டேன் என்று இருந்தது. சார் தட்டிலிருந்து இரண்டாவது முறையாகக் கேசரி எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் அறக்கட்டளையின் பணம் வங்கியில் ஏறியது. அப்பா வீட்டை விற்கும் பேச்சை விட்டார்.

அடுத்த வருஷம் நிஜமாகவே பெண் பார்க்க வந்தார்கள். ஆண்டிபட்டியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். அதேபோல் கார், அதேபோல் தெருவில் விசாரணை. ஒருமுறை சூடுபட்ட தெரு இந்தமுறை ஏமாறவில்லை. "கடன் கழுத்து வரைக்கும் இருக்கு. அப்பாகிட்ட அஞ்சு காசு கெடையாது. யாரு வந்து கூப்பிட்டாலும் இந்தப் புள்ள ஊர விட்டு வராது" என்று அக்கா அடித்துச் சொல்லிவிட்டாள். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் மாப்பிள்ளையின் அம்மா காரில் ஏறிவிட்டார்.

மாப்பிள்ளை ஏறவில்லை. "நாலு ஊர்ல பொண்ணு பாத்தேன். எல்லா ஊர்லயும் தங்கம் வைரம்னாக. உண்மையச் சொன்னது இந்த ஊர்தான்" என்று டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அம்மாவைச் சமாதானப்படுத்த ஆறு மாதம் ஆனது. இப்போது தினமும் இந்த ஊரிலிருந்துதான் ஆண்டிபட்டிக் கடைக்கு பைக்கில் போய்வருகிறார். என் மூன்று வருஷமும் முடிந்துவிட்டது, கடனும் முடிந்துவிட்டது. அக்கா சொன்னபடி நான் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை.

இன்றும் தெருவுக்குள் புதிதாக ஒரு கார் வந்தால் பேச்சியம்மா அக்கா குறுக்கே போய் நின்றுகொள்கிறாள். "மொதல்ல ஒண்ணச் சொல்லுங்க. கடனுக்கு வந்தீகளா, கல்யாணத்துக்கு வந்தீகளா? அதுக்குத் தக்கனதான் நாங்க பேசணும்."