ஜெர்மனி வழியாக ஆஸ்பத்திரிக்கு

கள்ளக்குறிச்சியில் உலக நாடுகளின் சட்டமெல்லாம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். ஆஸ்பத்திரிக்கு வழி மட்டும் அவருக்குத் தெரியாது. அசல் பெயர் என்னவோ, ஆட்டோ ஸ்டாண்டில் 'சட்டம்' என்றால் போதும், வண்டி வந்து நிற்கும்.

பிள்ளை வேண்டி வைத்தியத்துக்கு வருகிறவர்கள்தான் அவருடைய சவாரி. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, வாடகைத்தாய் பற்றி எந்த நாடு என்ன சொல்கிறது என்று மனப்பாடமாக ஒப்பிப்பார். அதில் பாதி தப்பாக இருக்கும். ஜெர்மனியில் கூடவே கூடாது, அமெரிக்காவில் சில மாநிலங்களில் காசு கொடுத்தே செய்யலாம் என்று கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் விளக்குவார். அதற்குள் ஆஸ்பத்திரி பின்னால் போயிருக்கும்.

என் மனைவிக்குக் கட்டி வந்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கச்சிராயபாளையத்தில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் அவள் அக்கா, "நான் சொமந்து தரேன்டி" என்றாள். சட்டத்திடம் அதைச் சொன்னேன்.

"இத்தாலிக்குப் போயி செஞ்சிக்கினு வந்துடாதீங்க. புடிச்சி உள்ள போட்டுடுவான்."

"நான் உளுந்தூர்பேட்டையையே தாண்டினதில்லைங்க."

"சொல்ல வேண்டியது என் கடமை."

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தோம். வளையல் யார் கைக்கு என்பதில் சிக்கல் வந்தது. என் மனைவியும் மணையில் உட்காரப் போனபோது, "வயிறு அவளுக்கு, வளையல் இவளுக்கா?" என்றார் என் அத்தை. என் மனைவி திரும்பிச் சமையலறைக்குப் போய்விட்டாள். அக்காவை ஏற்றி வந்த சட்டம் வாசலிலிருந்து உள்ளே வந்தார்.

"இன்னா பிரச்சினை? இங்கிலாந்துல மொதல்ல பெத்தவதான் அம்மா, அப்பறம் கோர்ட்டுல மாத்திக்கணும். நம்ம நாட்டுல பொறக்கும்போதே இவங்க புள்ளதான். வளையலுக்கு எந்த நாட்டுலயும் தடை கெடையாது. ரெண்டு பேருக்கும் போடுங்க."

அத்தைக்கு இங்கிலாந்து எந்தத் திசை என்று தெரியாது. கோர்ட்டு என்ற சொல் புரிந்தது. இருவர் கைக்கும் அவரே போட்டுவிட்டார்.

பிரசவம் முடிந்து அக்கா தன் வீட்டுக்குப் போன மறுநாள், நாங்கள் குழந்தையோடு சட்டத்தின் ஆட்டோவில் ஏறினோம். எந்த நாட்டைச் சுற்றப்போகிறாரோ என்று கவலையாக இருந்தது. மனிதர் வாயே திறக்கவில்லை. இரண்டு கைகளும் கைப்பிடியிலேயே இருந்தன. நேராக எங்கள் வாசலில் நிறுத்தி, உள்ளே குரல் கொடுத்தார்.

"தாயும் புள்ளயும் வந்துட்டாங்க, ஆலாத்தி கொண்டாங்க."

என் மனைவி இறங்காமல் அழுதுகொண்டே இருந்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை.

மகளுக்குத் தடுப்பூசி போட இப்போதும் அவர் ஆட்டோவில்தான் போகிறோம். சுற்றிக்கொண்டு போவார் என்று தெரிந்து, கொஞ்சம் முன்னதாகவே கிளம்பிவிடுகிறோம்.