டிக்கெட் விலை இறங்கட்டும், வருகிறேன்

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகனும் மருமகளும் சுகம். அங்கே நீயும் உன் கண்ணும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன், உன் மேல் கோபமாக இருக்கிற நாட்களில்கூட.

உன் கடிதம் கிடைத்தது. அடுத்த வியாழக்கிழமை கண் ஆபரேஷன், அதற்கப்புறம் ஒரு வாரம் இரண்டு கண்ணுக்கும் போட்ட கட்டை அவிழ்க்கக் கூடாது, கூட ஆள் இல்லாமல் செய்ய மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார், "அக்கா, நீ வருவியா மாட்டியா, ஒரே வார்த்தையில எழுது" என்று கேட்டிருக்கிறாய். ஒரே வார்த்தை என்றால் மாட்டேன். அதை மட்டும் எழுதி அனுப்பினால் நீ தெருவெல்லாம் என்னைப் பற்றி வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிவாய் என்பதால் காரணத்தையும் எழுதுகிறேன். நல்ல கண்ணால் மட்டும் படி, இன்னொன்றுக்குச் சிரமம் கொடுக்காதே.

நான் கடைசியாக உன் வீட்டிலிருந்து கிளம்பிய நாள் எனக்கு அப்படியே இருக்கிறது. உனக்கு மறந்திருக்கும், மறப்பதுதான் உனக்கு எப்போதும் வசதி. பஸ் நிறைய ஆள், நான் ஜன்னல் ஓரம், டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார், நீ மூச்சிரைக்க ஓடிவந்து ஜன்னல் வழியாக என் மடியில் நோட்டைப் போட்டு "டிக்கெட்டுக்கு வச்சுக்கோக்கா, நீ பாவம்" என்றாய். நான் பாவமாம்! அத்தனை பேர் முன்னால்! நான் அந்த நோட்டைத் தூக்கி வெளியே எறிந்தேன், அது நீ நின்ற இடத்துக்கு வராமல் சாக்கடையில் விழுந்தது, அதற்கும் நீ என்னையே குறை சொல்லி எழுதினாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள், கடைசியில் தன் பிஸ்கட்டில் பாதியை உடைத்து என்னிடம் நீட்டினாள். எனக்குப் பசித்தது, வாங்கித் தின்றேன், அந்தப் பிஸ்கட்டையும் உன் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு பால்மாவு டின்னில் போகவர டிக்கெட் காசைப் போட்டு மூடினேன். இனி உன்னைப் பார்க்க வந்தால் என் காசில், தலை நிமிர்ந்து வர வேண்டும். நீ வருத்தப்பட்டு ஒரு வரி எழுதியிருந்தால் மறுநாளே டின்னைத் திறந்திருப்பேன். நீ எழுதினாய், வெயிலைப் பற்றி எழுதினாய், பூனை குட்டி போட்டதை எழுதினாய், அந்த ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. டின் மூடியே இருந்தது. இதற்குள் என் மகனுக்குத் தலை நரைத்துவிட்டது.

இப்போது கண் என்று எழுதினாயே, படித்த கையோடு டின்னைத் திறந்தேன் என்பதைக் குறித்துக்கொள். அந்த ஒரு வரிக்காகக்கூட நான் காத்திருக்கவில்லை. பஸ் நிலையத்துக்கு நானே நடந்து போனேன். டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில் ஒரு பையன், காசை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"பாட்டி, இது எங்க போறதுக்கு?"

"என் தங்கச்சி ஊருக்கு. போக, வர."

"இதுல ஒரு நோட்டு இப்ப செல்லாது. மிச்சத்துக்கு ஆத்துப்பாலம் வரைக்கும் போகலாம். போக மட்டும்தான்."

"ஆத்துப்பாலத்துல எனக்கு யாருடா இருக்கா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பகல் கொள்ளை என்று அவனிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஏனென்றால், சின்னவளே, எனக்குத் தெரிந்து உலகத்தில் எதுவுமே விலை ஏறவில்லை. நான் போகிற ஒரே கடை எங்கள் தெருமுனை மளிகைக் கடை. கடைக்காரனை உனக்குத் தெரியும், வந்த புதிதில் முக்கால் கிலோ சர்க்கரையை ஒரு கிலோ என்று என் தலையில் கட்டப் பார்த்தானே, அன்றிலிருந்து அவனுக்கு முக்காக்கிலோ என்றுதான் பெயர், இப்போது அவன் பெண்டாட்டியே அப்படித்தான் கூப்பிடுகிறாள். அவனிடம் சோப்பும் டீத்தூளும் சர்க்கரையும் எத்தனையோ வருஷமாக ஒரே விலை, அதிலும் நான் பேரம் பேசிக் குறைப்பேன். மாடிவீட்டுக்காரி ஒரு தடவை வந்து "எனக்கு அந்த விலைக்குத் தர மாட்டேங்கிறாரே பாட்டி" என்று அழாத குறையாகச் சொன்னாள். உனக்குப் பேசத் தெரியவில்லை என்று சொல்லி, அன்றிலிருந்து அவள் வீட்டுச் சாமானையும் நானே வாங்கிக் கொடுத்தேன். நீ உன் கடிதங்களில் சோப்பு இந்த விலை, டீத்தூள் இந்த விலை என்று புலம்பியபோதெல்லாம் உனக்குச் சாமர்த்தியம் போதாது என்று நான் பதில் எழுதினேன் இல்லையா, அந்தக் கடிதங்களை இன்னும் வைத்திருந்தால் அலமாரித் தட்டுக்கு விரித்துக்கொள், எழுத்து அடிப்பக்கம் இருக்கட்டும்.

பஸ்காரனைப் பற்றி நாலு பேரிடம் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும் என்று நேரே முக்காக்கிலோ கடைக்குப் போனேன். அங்கே கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். மாதாமாதம் கடை கடையாகப் போய் விலை கேட்டு எழுதிக்கொண்டு போகிற அரசாங்க வேலையாம் அவளுக்கு.

"குளிக்கிற சோப்பு, பச்சை உறை, என்ன விலைண்ணே?" என்று கேட்டாள்.

முக்காக்கிலோ என்னைப் பார்த்தான். குரலை இறக்கி ஒரு விலை சொன்னான். எனக்குக் கண்ணும் மூட்டும் போனாலும் காது போகவில்லை என்பது உனக்குத் தெரியும்.

"எழுதாதேம்மா, பொய் சொல்றான்!" என்று கத்தினேன். "போன வாரம் அதுல எட்டுல ஒரு பங்குக்கு வாங்கினேன்."

"யாருகிட்ட பாட்டி?"

"இந்த மகராசன்கிட்டதான்!"

அந்தப் பெண் அவன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஒரே சோப்புக்கு ரெண்டு விலைன்னா ஆபீஸ்ல நான் எதை எழுதுறது?"

"ரெண்டு விலை இல்லம்மா. விலை நான் சொன்னதுதான். இவங்களுக்கு மட்டும்..." என்று இழுத்தான். தராசைத் துடைத்தான். துடைத்த தராசை மறுபடி துடைத்தான். "மாசக் கடைசில இவங்க மருமக வந்து மிச்சத்தைக் குடுத்துடுவாங்க. பேரம் பேசிக் குறைச்சதையும் சேர்த்து. மாடிவீட்டுச் சாமானுக்கும் சேர்த்து."

அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள், நல்ல வளர்ப்பு. குடித்துவிட்டு அவளைத்தான் கேட்டேன், முக்காக்கிலோவின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"அப்ப பஸ் டிக்கெட்டும் நெஜமாவே ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு பாட்டி."

"விலைவாசி ஏத்தம் குறைஞ்சிருக்குன்னு நேத்து ரேடியோவுல சொன்னாங்களே. அப்ப இறங்கிடும்ல? என் தங்கச்சி ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்றேன்."

"ஏறுற வேகம்தான் குறைஞ்சிருக்கு பாட்டி, விலை இறங்கல. மாடிப்படி ஏறுறவர் மூச்சு வாங்கி மெதுவா ஏறினா, இறங்குறாருன்னு சொல்வோமா?"

"அவர் எப்பதான் இறங்குவார்?"

"அங்கங்க ஒரு படி இறங்குவார். நீங்க பாத்த இடத்துக்கெல்லாம் திரும்பி வரமாட்டார் பாட்டி."

பிறகு அவளே பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். ஏதோ ஒரு வருஷத்தைப் பிடித்து அந்த வருஷத்து விலையை நூறு என்று வைத்துக்கொள்வார்களாம். அதிலிருந்து இன்றைக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்களாம். ஜனங்கள் வாங்குவதை விட்டுவிட்ட சாமானைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்களாம், மண்ணெண்ணெய் அடுப்புத் திரி மாதிரி.

"எப்பவும் அதே வருஷமா?" என்று கேட்டேன்.

"இல்ல பாட்டி. கொஞ்ச வருஷம் போனதும் பழசை விட்டுட்டுப் புதுசா ஒரு வருஷத்தை எடுத்துக்குவாங்க. விடாம அதையே புடிச்சிட்டிருந்தா கணக்கு தப்பா வரும்."

அவர்கள் சுலபமாகப் பழசை விடுவார்கள். அது அரசாங்கம். அதற்குத் தங்கை கிடையாது. எனக்கு நூறு என்றால் அந்தப் பஸ் ஜன்னல் வருஷம்தான், என் மனதில் எல்லாக் கணக்கும் அங்கேயிருந்துதான் தொடங்குகிறது. அவளிடம் இன்னொன்றும் கேட்டேன், கூடப்பிறந்தவளைப் பார்க்கப் போகிற செலவுக்கு உங்கள் கணக்கில் இடம் இருக்கிறதா என்று. "பயணம்னு ஒரு வரி இருக்கு பாட்டி" என்றாள். இருக்கட்டும், ஒரு வரியாவது இருக்கிறதே.

வீட்டுக்குப் போனேன். மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று வாசலிலிருந்தே கேட்டேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"அத்தை, மாமா போனப்புறம் நீங்க என்ன பண்ணீங்கன்னு நினைவிருக்கா? பால் விலை ஏறிச்சு, பாலை விட்டீங்க. டீத்தூள் ஏறிச்சு, டீயை விட்டீங்க. பழத்தை விட்டீங்க. பிரஷர் மாத்திரை ஏறினதும் ஒண்ணைக் கத்தியால ரெண்டா வெட்டி, பாதியைப் பஞ்சுல சுத்தி வச்சீங்க. அடுத்து எதை விடுவீங்கன்னு பாத்துட்டே இருக்க முடியல. அதான் விலையை ஏறவிடாம நிறுத்திட்டேன்."

கேட்டாயா சின்னவளே, பெரிய பெரிய ஆட்களெல்லாம் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து நிறுத்த முடியாததை இவள் ஒரு தெருமுனையில் நிறுத்தியிருக்கிறாள்.

"அந்த முக்காக்கிலோவும் இதுல கூட்டா?" என்றேன்.

"ஆரம்பத்துல நான்தான் கெஞ்சினேன். இப்ப அவரே வேணாம்கிறார், நான்தான் கையில திணிச்சிட்டு வரேன். பாட்டி வந்து ஒரு சண்டை போட்டாத்தான் கடை தொறந்த மாதிரி இருக்குன்னு சொல்வார்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் காட்டுவது என்று தேடினேன், ஒரு ஆளும் அகப்படவில்லை. சமையலறைக்குப் போய், கழுவிய டம்ளரையெல்லாம் எடுத்து மறுபடி கழுவினேன். அவள் பின்னாலேயே வந்து, "டிக்கெட்டுக்கு நான் தரேன், நாளைக்கே கிளம்புங்க அத்தை" என்றாள். என் சோப்புக்கு நீ, டீக்கு நீ, மாடிவீட்டுக்காரி குளித்ததற்கும் நீ, டிக்கெட்டுக்கும் நீ என்றால் நான் எதற்கு என்று கேட்டேன். அவள் டம்ளர்களை வாங்கித் துடைத்து அடுக்கினாள்.

ஆகவே வருவதற்கில்லை. அடுத்தவர் காசில் நான் பஸ் ஏறமாட்டேன், அது உனக்கே தெரியும். நீ உன் பக்கத்து வீட்டுத் தையல்காரியைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள். ஆனால் அவளைச் சொட்டு மருந்து விடச் சொல்லாதே, அவளுக்குக் கை நடுங்கும் என்று நீதான் எழுதினாய். எதிர்வீட்டு டீச்சரம்மா வேண்டாம், அவள் பேச்சுக்கு நீ விழுந்து விழுந்து சிரிப்பாய், சிரித்தால் தையல் தாங்காது. நர்ஸைக் காசு கொடுத்து வைக்கலாம் என்று யாராவது சொன்னால் அதன் விலையைக் கேட்காதே, கேட்டால் பிரஷர் ஏறும், ஏறினால் ஆபரேஷனே செய்ய மாட்டார்கள். குனிந்து பெருக்காதே. வாளி தூக்காதே. வெங்காயம் இருக்கிற பக்கமே போகாதே. சின்ன வயதிலிருந்தே உனக்கு இருட்டு என்றால் பயம், என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாய், கட்டுப் போட்டால் ஒரு வாரம் பகலும் இருட்டுதான். யார் கையையாவது பிடித்துக்கொண்டு படு. யார் கை என்று நானும் ரொம்ப நேரம் யோசித்துப் பார்த்தேன், தோதான கை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

டிக்கெட் விலை இறங்கட்டும், இறங்கிய அன்றைக்கே வருகிறேன். அந்தச் சின்னப் பெண் சொன்னது தப்பாகவும் இருக்கலாம், அவளுக்கு என்ன வயசாகிறது. மகனும் மருமகளும் உன்னை விசாரித்தார்கள். முக்காக்கிலோவும் விசாரித்தான், எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், கை எழுதிவிட்டது. கண் தெளிந்து, ஊசியில் நீயே நூல் கோர்த்து, தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
உன் மேல் இன்னும் கோபமாக இருக்கிற
அக்கா

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இதுவரை என் கடிதத்தையெல்லாம் மருமகள்தான் தபாலில் சேர்த்தாள், இந்தத் தடவை நானே தபால் ஆபீஸுக்குப் போய் ஸ்டாம்ப் விலையைக் கேட்டேன். ஒரு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு போக இவ்வளவு காசா, நான் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மருமகள் வாசலில் ஒரு பையோடு நின்றுகொண்டிருந்தாள், "அப்ப கையோட கொண்டுபோய்க் குடுத்துடலாம் அத்தை, ஸ்டாம்ப் காசு மிச்சம்" என்றாள். அது நியாயமாகப் பட்டது. டிக்கெட்டை அவள்தான் வாங்கினாள், எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், எழுத்து ஆடினால் ரோடு காரணம். புதன்கிழமை சாயங்காலம் வந்து சேருவேன், சோறு வைத்துவிடாதே, நான் வந்து வைக்கிறேன். வந்ததும் கடிதம் எங்கே என்று கேட்காதே, தரமாட்டேன். வியாழக்கிழமை உன் கண்ணில் கட்டுப் போட்டப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து நானே வாசித்துக் காட்டுகிறேன். நடுநடுவே சில இடங்களை விட்டுவிட்டுத்தான் வாசிப்பேன். ஏன் நிறுத்திட்டே என்று கேட்டு உயிரை எடுக்காதே.